அந்த இடத்தில் மூச்சு

கோபிச்செட்டிபாளையத்தில் என் அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பாட்டு வகுப்பு நடக்கிறது. ஊரில் இருக்கும் நாட்களில் அக்கா மகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்தான். நான் திரும்புவதில்லை. படிக்கட்டை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வாத்தியாருக்கு அறுபது வயது நெருங்குகிறது. எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் பாடியவர். கோவில் திருவிழா நோட்டீஸ்களில் அவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்குமாம், அதற்கு மேல் 'எஸ்.பி.பி. குரல்' என்பது கொட்டை எழுத்தில். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. குழுவில் ஒருவர் 'டி.எம்.எஸ். குரல்', ஒரு பெண் 'ஜானகி குரல்'. சொந்தக் குரலுக்கு அங்கே வேலை இல்லை, சம்பளமும் இல்லை. இப்போது அவரிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தயாராகிறவர்கள். அவர்களுக்கு சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் பத்து நிமிடம்தான். பிறகு ஆர்மோனியம் ஓரமாகப் போய்விடும். செல்போனும் ஒரு ஸ்பீக்கரும் நடுவே வரும்.

ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டது 2000க்குப் பிறகு வந்த ஒரு சினிமாப் பாட்டு. சரணத்தின் மூன்றாவது வரியில் நிறுத்தி, விரலால் நாலு விநாடி பின்னுக்கு இழுத்தார்.

"இங்க கேளு கண்ணு. ஒரிஜினல்ல இந்த இடத்துல மூச்சே இல்ல. நீ எடுக்கற."

அவள் மறுபடி பாடினாள். மறுபடி அதே இடத்தில், ஒரு சொல்லின் நட்டநடுவில் மூச்சு வாங்கியது. சொல் இரண்டாக உடைந்து, முன்பாதி வேறொரு பொருள் தந்தது. வாத்தியார் சொன்னது நியாயம்தான். எங்கே மூச்சு எடுப்பது என்பது பாட்டில் பாதி வித்தை. சொல் உடையாத இடமாகப் பார்த்துத் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டும். பதினோரு வயது நுரையீரல் அந்த வரியின் முடிவு வரை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதே வரியில் எனக்கு வேறொன்று உறுத்தியது. வீட்டில் வாழைப்பழம் என்று பிசிறில்லாமல் சொல்கிற பெண், பாட்டில் ழகரம் வரும்போதெல்லாம் லகரமாகப் பாடினாள். இடைவேளையில் கேட்டேன்.

"ஒரிஜினல்ல அப்படித்தான் மாமா இருக்கு."

வாத்தியார் சிரித்தார். "அந்தம்மா வடக்கத்திக்காரங்க. அவங்களுக்கு வந்த மாதிரி பாடியிருக்காங்க. இவ திருத்திப் பாடுனா ஜட்ஜ் காதுக்கு வேற மாதிரி கேட்டுரும்ங்க. போட்டி முடியட்டும், ழ-வை நானே திருப்பிக் குடுத்தர்றேன்."

அந்தச் சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் 'ஒரிஜினல்' என்ற சொல் மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்தது. போட்டி மேடையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: இசைத்தட்டில் இருப்பது. "ஒரிஜினல்ல அந்தச் சங்கதி இப்படி வரும்" என்று நடுவர் சொன்னால் பிள்ளை தலையாட்டும். அசலாக இரு என்று சொன்னாலும் அர்த்தம், அடுத்தவர் குரலுக்கு அசலாக இரு என்பதே.

இதை ஏமாற்று என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. நம் சங்கீதத்தில் பாடாந்தரம் என்று ஒன்று உண்டு. குரு எப்படிச் சொல்லிக் கொடுத்தாரோ அப்படி, சங்கதி மாறாமல் கீர்த்தனையைப் பாடுவது. பாடாந்தரம் சுத்தமாக இருக்கிறது என்பது பெரிய பாராட்டு. கூடவே மனோதர்மம் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் அதன் கணக்கில் வரும். அங்கே குருவின் நகலாக இருந்தால் மதிப்புக் குறையும். ஒரே கச்சேரியில், ஒரே தொண்டையில், இரண்டு நேர்மைக்கும் தனித்தனி இடம். சினிமாப் பாட்டுப் போட்டி பாடாந்தரத்தை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டது. மனோதர்மத்துக்குப் பதிலாக அங்கே 'ஃபீல்' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. "எல்லாம் சரியா இருந்துச்சு, ஃபீல் மட்டும் கொஞ்சம் கம்மி." அதை எங்கே போய் வாங்குவது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பெரும்பாலும் புருவத்தைச் சுருக்கிக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சமாளிக்கிறார்கள்.

குருவின் பாடாந்தரத்துக்கும் இசைத்தட்டின் பாடாந்தரத்துக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. குரு பல வருடங்கள் பாடிப் பாடித் தேய்த்து முடிவுசெய்த சங்கதியைக் கொடுக்கிறார். இசைத்தட்டில் இருப்பது ஒரு காலைப்பொழுதின் முடிவு. பழைய ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும்; ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. இசையமைப்பாளரோ அவருடைய உதவியாளரோ மெட்டைச் சொல்லிக் கொடுக்க, பாடகர் நோட்டில் வரிகளை எழுதி, தமக்குப் புரிகிற வளைவும் கோடும் போட்டுக்கொண்டு மைக் முன்னால் போவார். சில மணி நேரத்தில் பாட்டு முடிந்துவிடும். அன்று தொண்டை இருந்த நிலையில், அன்று தோன்றிய ஒரு சின்னக் குழைவு, நாற்பது வருடங்கள் கழித்து ஒரு பிள்ளைக்குச் சட்டமாகிவிடுகிறது.

இப்போதைய பதிவு வேறு ரகம். வரி வரியாகப் பாடி, பல டேக்குகளிலிருந்து நல்ல துண்டுகளை எடுத்து ஒட்டுகிறார்கள். சுருதி விலகினால் இழுத்து வைக்க 1997இலிருந்தே ஆட்டோட்யூன் இருக்கிறது. மூச்சுச் சத்தம் வேண்டாமென்றால் கணினியில் அழித்துவிடலாம். அக்கா மகள் மூச்சுப் பிடித்துச் செத்துக்கொண்டிருந்த அந்த வரியை, தட்டில் பாடியவர் ஒரே மூச்சில் பாடியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை வாத்தியாரிடமே சொன்னேன்.

"தெரியும்ங்க. ஜட்ஜுக்கும் தெரியும். ஆனா ட்ராக்குல அங்க எடமில்லீங்களே."

மெல்லிசைக் குழுவில் இவருக்கு மூச்சு முட்டினால் தபலாக்காரர் ஒரு உருட்டு உருட்டிச் சமாளித்திருப்பார். செல்போனில் ஓடும் கரோக்கி ட்ராக் யாருக்காகவும் நிற்காது.

பயிற்சியாளர் என்பவர் திரைக்கு முன்னால் வந்ததே அண்மைக் காலத்தில்தான். பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் தேவைப்பட்டது ஞாபகசக்தியும் துணிச்சலும். சன் டி.வி.யில் ஏ.வி.ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' பாட்டுத் திறமையைப் பார்த்தது என்றாலும், பாடுகிறவர் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாரோ அதுதான் கணக்கு. 2006இல் விஜய் டி.வி. 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபிறகு, பாடுகிறவர் வாரா வாரம் எப்படி மாறுகிறார் என்பதே கதையாயிற்று. ஆனந்த் வைத்தியநாதன் குரல் பயிற்சியாளராகத் திரையிலேயே தெரிந்தார். அவர் பின்னாளில் சினிமாவில் நடிக்கவும் 'பிக் பாஸ்' வீட்டுக்குப் போகவும் அந்த முகம்தான் காரணம். பயிற்சி என்பதும் காட்சியாகிவிட்டது. தப்பு, திருத்தம், கண்ணீர், அடுத்த வாரம் வெற்றி. நல்ல திரைக்கதை. தொண்டையோ அந்த வேகத்தில் மாறுகிற உறுப்பு இல்லை.

அதற்கு முன்னால் பயிற்சி கொடுத்தவர்களின் முகம் யாருக்கும் தெரியாது. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தையே எடுத்துக்கொள்ளலாம். அவரே ஒரு பாட்டுப் போட்டியில் கண்டெடுக்கப்பட்டவர். 1964இல் சென்னையில் தெலுங்குக் கலாசார அமைப்பு ஒன்று நடத்திய போட்டியில் அவர் முதல் பரிசு வாங்கினார். அவரை அடையாளம் கண்டுகொண்ட இசையமைப்பாளர் எஸ்.பி.கோதண்டபாணி பரிசோடு விட்டுவிடவில்லை. கூடவே வைத்து வளர்த்து 1966இல் 'ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மரியாத ராமண்ணா' படத்தில் பாட வைத்தார். பின்னாளில் பாலு தான் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வைத்த பெயர் கோதண்டபாணி ஆடியோ லேப். தமிழில் பாட வாய்ப்புக் கேட்டுப் போனபோது, உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வா என்று எம்.எஸ்.விஸ்வநாதன் திருப்பி அனுப்பியதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வாத்தியார் போட்டி முடிந்து திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன ழகரத்தை எம்.எஸ்.வி. முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்.

1980இல் வெளிவந்த 'சங்கராபரணம்' இன்னும் சுவாரசியமானது. முறைப்படி கர்நாடக இசை படிக்காத ஒருவர் ஒரு பெரிய வித்வானின் குரலாக வேண்டும். கே.வி.மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி அந்தப் பாட்டுகளை அவருக்குப் பாடம் சொன்னார். தேசிய விருது பாலுவுக்கு வந்தது. புகழேந்தி இல்லையென்றால் அது இல்லை என்று பாலு சலிக்காமல் சொன்னாலும், பேட்டி முடிந்ததும் அந்தப் பெயரை நாம் மறந்துவிட்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் ஒரு கர்நாடக வித்வானின் நகல் கிடைப்பதில்லை. பாலுவின் குரலுக்கே உரிய அந்த ஈரம் அப்படியே இருக்கிறது. கமகத்தைச் சொல்லிக் கொடுத்த மனிதர் ஈரத்தைத் துடைக்காமல் விட்டிருக்கிறார். எதைத் திருத்தினார் என்பதைவிட, எதைத் தொடவில்லை என்பதை நினைத்து நான் அதிகம் வியக்கிறேன்.

1996இல் ஈ டி.வி.யில் 'பாடுதா தீயகா' தொடங்கி, அதே பாலு நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தெலுங்கு முழுதாகப் புரியாத எனக்கே அது ஒரு வகுப்பறை மாதிரித்தான் தெரியும். பாட்டு எழுதியவர் யார், அந்தச் சொல்லை அங்கே ஏன் போட்டார் என்று ஆரம்பிப்பார். வல்லின மெல்லினம் மாறினால் விடமாட்டார். மதிப்பெண் ஒரு சாக்கு. மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்றுகூட ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க அவருக்கு நேரம் இருந்தது. அந்த நிகழ்ச்சிக்கும் அந்தப் பொறுமை இருந்தது.

நம் போட்டிகளில் நடுவர்களாக வந்தவர்களில் பெரும்பாலோர், சித்ரா, மனோ, சுஜாதா, ஸ்ரீநிவாஸ், உன்னிகிருஷ்ணன் என, பின்னணிப் பாடகர்கள். சித்ரா குறையைச் சொல்லும்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எத்தனையோ பிள்ளைகளின் அழுகையைத் தடுத்திருக்கும். ஆனால் இவர்கள் அத்தனை பேரும் இன்னொருவர் மனதிலிருக்கும் மெட்டை வழுவாமல் கொண்டுவந்து தருவதைத் தொழிலாகச் செய்தவர்கள். தட்டில் இருக்கிறபடி பாடு என்று அவர்கள் சொன்னால் அது அவர்களுடைய தொழில்தர்மம். டி.எம்.சௌந்தரராஜனே 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் தியாகராஜ பாகவதர் பாணியில் பாடித்தான் உள்ளே வந்தார். பிறகு சிவாஜிக்கு ஒரு தொண்டை, எம்.ஜி.ஆருக்கு ஒரு தொண்டை என்று வைத்துக்கொண்டார். இதில் எது டி.எம்.எஸ்.ஸின் சொந்தக் குரல் என்று யாரும் சண்டை போட்டதில்லை. நகலில் தொடங்குவது குற்றமில்லை என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பாகவதரிலிருந்து அவர் வெளியே வரச் சில வருடங்கள் கிடைத்தன. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு சீசன்.

வெளிநாட்டில் இதை வேறு விதமாகக் கட்டினார்கள். 2010இல் நெதர்லாந்தில் ஜான் டி மோல் தொடங்கிய 'தி வாய்ஸ்' நிகழ்ச்சியில் நடுவர் என்ற பெயரே இல்லை. கோச் என்றுதான் பெயர். பாடுகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். குரல் பிடித்தால் பொத்தானை அமுக்க, நாற்காலி திரும்பும். இரண்டு மூன்று நாற்காலிகள் திரும்பிவிட்டால், யாரிடம் போவது என்று பாடுகிறவர் தேர்ந்தெடுப்பார். அதுவரை எஜமானராக இருந்தவர் என்னிடம் வா, என்னிடம் வா என்று கெஞ்சும் அந்த ஒரு நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாற்காலி திரும்பியபிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. முகம், உடை, கதை, கண்ணீர்.

அமெரிக்கப் பதிப்பில் 2011 தொடங்கி 23 சீசன்கள் கோச்சாக இருந்தவர் கண்ட்ரி பாடகர் பிளேக் ஷெல்டன். 9 முறை அவருடைய அணி ஜெயித்திருக்கிறது. அவர் குரல்வளத்தைப் பற்றிப் பெரிய பாடம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. கேலி பேசுவார், தோளில் தட்டுவார். அவருடைய சாமர்த்தியம், யாருக்கு எந்தப் பாட்டு பொருந்தும், எந்தப் பாட்டுக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள் என்று தெரிந்திருந்ததில். போட்டிப் பயிற்சியில் உண்மையான வேலை அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் நல்ல ஜவுளிக்கடைக்காரர் ஆளைப் பார்த்ததும் சேலையை எடுத்துப் போடுவாரே, அந்த மாதிரி.

அங்கேயும் அசல் பற்றிய தகராறுக்குப் பஞ்சமில்லை. 2010இல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' தேர்வுச் சுற்றில் பாடியவர்களின் குரலை ஆட்டோட்யூனால் சரிசெய்து ஒளிபரப்பியதாக நேயர்கள் கொதித்தார்கள். அமெரிக்க 'வாய்ஸ்' முதல் சீசனில் ஜெயித்த ஹாவியர் கோலோன் ஏற்கனவே இசைத்தட்டு வெளியிட்டவர். 2016இல் இங்கே 'சூப்பர் சிங்கர்' பட்டம் வென்ற ஆனந்த் அரவிந்தாக்ஷன் முன்பே சினிமாவில் பாடியவர் என்று தெரிந்தபோது நடந்த கூச்சலும் இதே ரகம். புதுக் குரல் என்று நினைத்து ஓட்டுப் போட்டோமே என்ற ஆத்திரம். குரல் ஏமாற்றவில்லை, அதைச் சுற்றிச் சொன்ன கதைதான் ஏமாற்றியது.

2018இல் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் அதே 'சூப்பர் சிங்கர்' மேடைக்கு வந்தபோது எனக்கு ஒரு குறுகுறுப்பு இருந்தது. கிராமத்து மேடைகளில் வருடக்கணக்காகப் பாடிப் பழுத்த தம்பதி. ஒலிப்பதிவுத் தட்டை வைத்து அளக்க முடியாத பாட்டுகளையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். "ஒரிஜினல்ல அப்படி இல்ல" என்று சொல்ல நடுவர்களிடம் அங்கே தட்டு கிடையாது. சிலநேரம் அவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த சீசனில் செந்தில் கணேஷ் ஜெயித்தார். இசை நுட்பம் தெரிந்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அனுதாப ஓட்டு என்றார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மண்ணின் குரல், மண்ணின் குரல் என்று வாரந்தோறும் அறிவித்து அறிவித்து, அதையும் ஒரு வேஷமாக மாற்றிவிட்டார்கள். அசலாக இருப்பதே அவர்களுடைய கதாபாத்திரம் என்றானபிறகு, ஒரு மெலடியைச் சும்மா பாடிப் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோபியில் வகுப்பு தொடர்ந்தது. மூன்றாவது மாதம் வாத்தியார் பாட்டோடு பேச்சையும் சேர்த்துக்கொண்டார்.

"பாடி முடிச்சதும் என்ன பண்ணுவ?"

"வணக்கம் சொல்லுவேன் சார்."

"ஜட்ஜ் குறை சொன்னா?"

"தேங்க் யூ சார், அடுத்த தடவை சரி பண்ணிக்கறேன் சார்."

"சிரிச்சிட்டே சொல்லோணும் கண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நாலு தரம். அந்தச் சிரிப்புக்கும் ஒரு ஒரிஜினல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கேயோ ஒரு சீசனில், யாரோ ஒரு பிள்ளை நிஜமாகவே அப்படிச் சிரித்திருக்கும்.

ஆனால் மூச்சு பிடிபட்டுவிட்டது. வாத்தியார் அதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார். அந்த வரியில் மூச்சைச் சேமிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வரியின் கடைசி நெடிலைக் கால் மாத்திரை முன்னால் முடிக்கச் சொன்னார். யாருக்கும் தெரியாத அந்த இடைவெளியில் வயிறு நிறைய மூச்சு. முதல் தடவை சொல் உடையாமல் வரி முழுதாக வந்தபோது அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். வாத்தியார் பாட்டை நிறுத்தவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். தட்டில் இல்லாத அந்தக் கால் மாத்திரை அந்த மாடியில் உண்டானது. போட்டி, நடுவர், செல்போன் எல்லாவற்றையும் மீறி அது ஒரு பாடம். இதை எழுதாமல் விட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

தேர்வு கோயம்புத்தூரில், ஒரு கல்லூரி வளாகத்தில். காலை ஆறு மணிக்கே வரிசை. சட்டையில் எண் குத்திய பிள்ளைகள், சீப்பும் வெந்நீர்ப் பிளாஸ்க்குமாக அம்மாக்கள். வராந்தா முழுக்க முணுமுணுப்பு. ஒரே பாட்டை ஏழெட்டுப் பிள்ளைகள் தனித்தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடிப் பார்த்தார்கள். சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்டேன். ஏழெட்டுப் பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தார்கள், ஒரே ழகரத்தை ஒரே மாதிரி லகரமாக்கினார்கள். எங்களுடையது இதில் எது என்று காதால் மட்டும் கண்டுபிடிக்க முயன்று தோற்றுப்போனேன்.

மதியம் இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். போனவள் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்தாள். அழவில்லை. சட்டையிலிருந்த எண்ணைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பசிக்குது மாமா என்றாள். அன்னபூர்ணாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாத்தியாரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். தேர்வானாளா என்று அவர் கேட்கவில்லை.

"அந்த எடத்துல மூச்சு எடுக்காம பாடுனயா கண்ணு?"

அவள் பூரியை மென்று முழுங்கினாள்.

"சரணமே வரல சார். பல்லவி முடியறப்பவே போதும்னுட்டாங்க."